யாருக்கு மருந்து, எதற்கு நஞ்சு? நாய் பூனைகளின் தெள்ளுப்பூச்சி மருந்துகள் குறித்துச் சில எண்ணங்கள்



இம்மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் இதுகாறும் இலக்கியம் கற்றோரும் இலக்கணம் வல்லோரும் பேசியிருக்கின்றனர். நானோ கால்நடை மருத்துவன். முப்பதாண்டுக் காலம் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டுப் பழகிய கை இது; ஒலிவாங்கியைப் பிடித்துப் பழகியதன்று. அழைப்பு வந்தபோது, "மொழி மன்றத்தில் நான் எதைப் பேசுவது?" என்று கேட்டேன். "உங்கள் தொழிலில் தமிழ் எங்கே இடறியது என்பதைச் சொல்லுங்கள்" என்றனர். அப்படி ஓர் இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால், அங்கே இடறியது தமிழ் அன்று. தமிழைக் கவனமின்றிக் கையாண்ட நான்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால மாலை. மருத்துவமனையை மூடும் நேரம். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் சந்தைக்கூடையில் துண்டைச் சுற்றித் தம் பூனையைக் கொண்டுவந்தார். துண்டை விலக்கினேன். பூனையின் காதும் முகத்துத் தசைகளும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தன. வாயில் எச்சில் வடிந்தது. தொட்டால் உடல் முழுவதும் உதறியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பிடரியை மோந்து பார்த்தேன், மருந்தின் வாடை. "என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்துக் காட்டினார். பெரிய நாய்களுக்கு உரிய சொட்டு மருந்து அது. அவருடைய நாய்க்கென்று, அதற்கு முந்தைய வாரம் என் மருத்துவமனையிலேயே வாங்கியது.

"நாய்க்கு முக்கால்வாசி ஊத்தினேன் தம்பி. மிச்சத்த வீணாக்குவானேன்னு பூனைக்கு ஊத்தினேன். அதுக்கும்தானே பூச்சி இருக்கு? மருந்துதானே போட்டேன், விஷமா வச்சேன்?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில், அந்தக் குப்பியை அவரிடம் கொடுக்கும்போது நான் சொன்ன சொற்கள் என் நினைவில் இருந்தன. "பாதுகாப்பான மருந்தும்மா, பயப்படாம போடுங்க" என்று சொல்லியிருந்தேன். வீட்டில் பூனை உண்டா என்று நான் கேட்கவில்லை. யாருக்குப் பாதுகாப்பானது என்றும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியில் பூனைக்கு இடக்கூடாது என்று அச்சிட்டிருந்தது உண்மை. அது ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது. அவரோ தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் மட்டும் படித்தவர்.

இப்போது அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். மருந்து என்று தமிழில் எதையெல்லாம் சொல்கிறோம்? நோய் தீர்ப்பது மருந்து. பூச்சியைக் கொல்வதும் பூச்சி மருந்து. பாறையைப் பிளப்பது வெடிமருந்து. "தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள்" என்றால், யாரும் அங்கே நோயாளிக்கு வைத்தியம் நடப்பதாக எண்ணுவதில்லை. பூச்சிக்கொல்லி என்னும் நேர்மையான சொல் நம்மிடம் இருக்கிறது. அது பாடநூலோடும் செய்தித்தாளோடும் நின்றுவிடுகிறது. வீட்டில் அதுவும் மருந்துதான். இது நம் மொழிக்கு மட்டும் உள்ள வழக்கன்று. மலாய்மொழியில் கொசுவத்திச் சுருளுக்கு 'ஊபாட் ஞாமுக்' என்று பெயர். சொல்லுக்குச் சொல், கொசு மருந்து. ஆனால், இந்நாட்டில் அவற்றை ஆளும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலாய்ப் பெயரில் 'ஊபாட்' இல்லை. 'ராச்சுன்', அதாவது நஞ்சு என்னும் சொல்லே இருக்கிறது. சட்டம் நஞ்சு என்கிறது. கடைவீதி மருந்து என்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை.

இங்குள்ள தமிழாசிரியர்களுக்கு நான் இலக்கணம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். இருப்பினும் ஒன்றைக் கவனித்தேன். "நாய்க்கு மருந்து" என்கிறோம். "தெள்ளுக்கு மருந்து" என்றும் சொல்கிறோம். இரண்டிலும் நான்காம் வேற்றுமை, ஒரே 'கு' உருபு. முதலாவதில் அது நன்மை பெறுவோரைக் காட்டுகிறது. இரண்டாவதில் அழிக்கப்படுவதைக் காட்டுகிறது. நன்னூலார் 'கு' உருபின் பொருள்களை அடுக்கும்போது கொடையையும் பகையையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஒரு குப்பிக்குள் இவ்விரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. தெள்ளுக்குப் பகையாகவும், அதைச் சுமக்கும் விலங்குக்குத் தீங்கின்றியும் இருக்க வேண்டும். அதுவே இம்மருந்துகளைச் செய்வோரின் முயற்சி. அந்த விலங்கு எது என்பது மாறினால், கொடை பகையாகிவிடும்.

அந்தத் தெள்ளு என்னும் உயிரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தெள்ளு, உண்ணி, பேன் ஆகிய மூன்றையும் 'பூச்சி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மலாயில் 'குத்து' என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றும் வேறு. தெள்ளு ஆறு கால்களுடன், பக்கவாட்டில் தட்டையான உடலுடன், தாவிக் குதிப்பது. உண்ணி எட்டுக் கால்களுடன், சிலந்தியின் உறவினத்தைச் சேர்ந்தது. தாவாது, ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருக்கும். பேன் தான் பிறந்த விலங்கின் மயிரிலேயே வாழ்ந்து முடிவது. ஒன்றைக் கொல்லும் வேதிப்பொருள் மற்றொன்றைக் கொல்லும் என்பதற்கு உறுதியில்லை. ஆகையால், கடைக்குச் சென்று "பூச்சிக்கு மருந்து" என்று கேட்பவர், தமக்கு வேண்டாத ஒன்றை வாங்கி வரக்கூடும். விலங்கின் மயிரில் கருந்துகள்கள் தென்பட்டால், அவற்றை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு; செரித்த இரத்தம். கரையாவிட்டால் வெறும் மண்.

நாயிலும் பூனையிலும் நாம் மிகுதியாகக் காண்பது ஒரே இனத் தெள்ளுதான். அதற்குப் பூனைத் தெள்ளு என்றே பெயர். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டைகள் வரை இடும். முட்டைகள் மயிரில் ஒட்டி நிற்பதில்லை. விலங்கு படுக்கும் இடமெல்லாம் உதிர்கின்றன. ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில், வளர்ந்த தெள்ளாக விலங்கின் மேல் இருப்பது ஏறக்குறைய 5 விழுக்காடே. எஞ்சிய 95 விழுக்காடு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாய்க்கு அடியிலும், நாற்காலி மெத்தையின் மடிப்பிலும், பலகை இடுக்கிலும் இருக்கிறது. குளிர்காலம் உள்ள நாடுகளில் பருவமாவது சிறிது ஓய்வு தரும். நமக்கோ ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம், ஒரே ஈரம். இரண்டு மூன்று வாரங்களிலேயே ஒரு தலைமுறை உருவாகிவிடும். கூட்டுப்புழுவின் கூட்டுக்குள் பூச்சிக்கொல்லி எளிதில் புகாது. அது மாதக்கணக்கில் காத்திருந்து, தரையின் அதிர்வையும் உடற்சூட்டையும் உணர்ந்ததும் வெளிப்படும். தீபாவளி விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோர், பூட்டிய வீட்டைத் திறந்து கால் வைத்ததும் தெள்ளுகள் மொய்ப்பது இதனால்தான்.

இதை ஏன் விரித்துரைக்கிறேன் என்றால், தவறான அளவுக்குப் பெரும்பாலும் இந்த 95 விழுக்காடே காரணம். மருந்திட்ட மறுவாரமே நாயின் மேல் தெள்ளு தென்படுகிறது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று இன்னொரு குப்பியை ஊற்றுகிறோம். அதுவும் போதாதென்று கழுத்துப்பட்டை, அதன் மேல் தூள். உண்மையில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கலாம். தரையிலிருந்து புதிய தெள்ளுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அங்கே தேவைப்படுவது இன்னொரு குப்பியன்று. துடைப்பமும், தூசி உறிஞ்சியும், படுக்கைத் துணிகளைத் துவைக்கக் கொதிநீருமே தேவை.

இனி, அந்தப் பூனைக்கு நேர்ந்தது என்ன? குப்பியில் இருந்தது பெர்மெத்ரின். இதன் மூலத்தைத் தேடிப் போனால் ஒரு பூவில் போய் நிற்போம். சாமந்திக்கு உறவான ஒருவகை வெண்பூவை உலர்த்திப் பொடித்தால் பூச்சிகள் மடியும் என்பது பழைய அறிவு. அந்தப் பூவின் நச்சுப்பொருளைப் பின்பற்றி, வெயிலில் எளிதில் சிதையாத ஒன்றை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர்; ஆண்டு 1973. அதுவே பெர்மெத்ரின். நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் வாயில்கள் என்னும் நுண்ணிய கதவுகள் திறந்து மூட வேண்டும். இந்த வேதிப்பொருள் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் கூவுகிறது. தசை ஓயாமல் துடிக்கிறது. பூச்சி செத்துவிழும்.

நாய்க்கும் நமக்கும் அதே கதவுகள் இருக்கின்றன. ஆயினும் நம் உடற்சூடு மிகுதி, உருவம் பெரிது, கல்லீரலும் அந்நஞ்சை விரைந்து சிதைத்து வெளியேற்றிவிடும். அவ்வாறு வெளியேற்றும் வழிகளுள் ஒன்று, நஞ்சின் சிதைவுகளோடு ஒருவகைச் சர்க்கரை அமிலத்தைப் பிணைத்து நீரில் கரையச் செய்வது. அதற்கு வேண்டிய நொதிகளுள் சில பூனையிடம் மிகக் குறைவு. அந்நொதிகளுள் ஒன்றை உண்டாக்கும் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதுபட்டுக் கிடக்கிறது, சிங்கத்துக்கும் அப்படித்தான். இலைதழைகளைத் தின்னாது ஊனையே உண்டு வாழ்ந்த குலத்துக்குத் தாவர நஞ்சுகளை முறிக்கும் கருவி தேவைப்படாமல் துருப்பிடித்துப் போயிற்று என்று அறிவியலார் கருதுகின்றனர். நாம் தலைவலிக்கு விழுங்கும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் இந்தக் குறையே பெருங்காரணம். மாணவர்களே, பூனையைச் சிறிய நாய் என்று எண்ணாதீர்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் நூற்றுக்கு 45 பங்கோ அதற்கு மேலோ பெர்மெத்ரின் இருக்கிறது. 45 விழுக்காட்டு மருந்தில் 1 மில்லிலிட்டர் எடுத்தால் 450 மில்லிகிராம். நாலரைக் கிலோ எடையுள்ள பூனையின் மேல் அதை ஊற்றினால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் 100 மில்லிகிராம் ஆகிறது. உயிருக்கு ஆபத்தான அளவு இது. 1 மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய இருபது சொட்டு. அந்த அம்மையார் 'மிச்சம்' என்று சொன்னது இந்த அளவைத்தான். லண்டனிலுள்ள விலங்கு நச்சுத் தகவல் சேவைக்கு வந்த இத்தகைய 286 பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். ஏறக்குறைய எல்லாப் பூனைகளிலும் நச்சுக்குறிகள் தோன்றின. பத்தில் ஒன்று பிழைக்கவில்லை. அதேவேளை, மிக நீர்த்த பெர்மெத்ரின் கலந்த சில பொருள்களால் பூனைக்குப் பெரும்பாலும் இத்தகைய கேடு விளைவதில்லை. பெயர் ஒன்றே; அளவு வேறு.

நேரடியாக ஊற்றினால்தான் கேடு என்றும் எண்ண வேண்டா. மருந்திட்ட நாயின் முதுகை நக்கிய பூனையும், அதன் மேல் சாய்ந்து உறங்கிய பூனையும் என்னிடம் வந்திருக்கின்றன. அண்டை நாடான சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். சிறிய வீட்டில் நாயும் பூனையும் ஒரே மெத்தையைப் பகிர்வது இயல்பு. அத்தகைய வீட்டில் பெர்மெத்ரினே வேண்டாம் என்பது என் கருத்து. நாய்க்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. உண்ணியை நெருங்கவிடாமல் விரட்டும் ஆற்றலுக்காக அதையே விரும்புவோர், மருந்து முற்றிலும் உலரும் வரையேனும் பூனையைப் பிரித்து வைக்க வேண்டும். நான் மூன்று நாள் என்பேன்.

வேறு மருந்துகளில் குறையே இல்லையா? உண்டு. ஃபிப்ரோனில் நாய்க்கும் பூனைக்கும் நெடுங்காலமாகப் பயன்படுவது. அதை முயலுக்கு இட்டால் முயல் இறந்துபோகலாம். மாதத்துக்கு ஒரு மாத்திரை என்று இப்போது பெரிதும் பரவியிருக்கும் ஐசாக்சசோலின் குடும்பத்து மருந்துகள் நாய்களில் மிகப் பெரும்பான்மையானவற்றுக்கு ஒத்துக்கொள்கின்றன. எனினும், சிலவற்றுக்கு நடுக்கமோ தள்ளாட்டமோ வலிப்போ வரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு நோயுள்ள நாய் என்றால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. அவை பூச்சியின் ஓட்டையோ அதன் வளர்ச்சி இயக்குநீரையோ குறிவைப்பவை. நமக்கும் நாய்க்கும் அப்படி ஓர் ஓடு இல்லாமையால் தீங்கு குறைவு. ஆனால் வளர்ந்த தெள்ளை அவை கொல்லா. ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் நாயின் மேல் தூவிய கமாக்சின் தூள் இன்று உலக உடன்படிக்கையால் ஒதுக்கப்பட்டது. பழைய தகர டப்பா ஏதேனும் தாத்தாவின் கொட்டகையில் இருந்தால் தொடாதீர்கள்.

எடை என்பதும் பெரிய செய்தி. சொட்டு மருந்துகளைப் பற்றி 2008 ஓராண்டில் மட்டும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவைக்கு 44,000க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. தோல் எரிச்சல் முதல் வலிப்பு, மரணம் வரை அவற்றில் இருந்தன. ஆராய்ந்தபோது, சிறிய நாய்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தமையும், நாய்க்குரியதைப் பூனைக்கு இட்டமையும் தெரியவந்தன. எனவே, 2010இல் சீட்டில் எழுதப்படுவன இன்னும் தெளிவாக இருக்க வேண்டும் என்று அம்முகவை முடிவெடுத்தது. கவனியுங்கள்: அவர்கள் கண்ட தீர்வுகளுள் முதன்மையான ஒன்று வேதியியல் சார்ந்ததன்று, மொழி சார்ந்தது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்கள் வாழும் நாட்டிலேயே சீட்டின் மொழி போதவில்லை என்றால், நம் பாட்டிமாரின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

இவ்வளவையும் கேட்டபின், "அப்படியானால் இரசாயனமே வேண்டாம்" என்று சிலர் முடிவு செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதனையும் நான் ஏற்பதற்கில்லை. தெள்ளு வெறும் அரிப்பன்று. பிறந்து சில வாரமே ஆன பூனைக்குட்டி, தெள்ளுகள் இரத்தத்தை உறிஞ்சியே வெளிறிச் செத்துப்போவதுண்டு. நாடாப்புழு தெள்ளின் வழியாகவே நாய் பூனைகளின் குடலைச் சேர்கிறது. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய் தன் தோலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். உண்ணியோ நாயின் இரத்த அணுக்களைத் தாக்கும் காய்ச்சல்களைக் கொண்டுவரும். இந்நாட்டு மருத்துவமனைகளில் அது அன்றாடக் காட்சி. மருந்திடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு.

'இயற்கை' என்ற சொல் நம்மவர்க்கு மிக இனியது. பெர்மெத்ரினின் பாட்டியும் ஒரு பூதான் என்பதை முன்னரே சொன்னேன். தேயிலைமர எண்ணெயின் சில சொட்டுகள் பூனையைத் தள்ளாட வைக்கும். பூண்டை அரைத்து ஊட்டினால் நாய் பூனைகளின் சிவப்பணுக்கள் சிதையும். பூனைக்கு இன்னும் விரைவாக. மண்ணெண்ணெய் தடவிய நாய்கள் தோல் வெந்து வந்திருக்கின்றன. நக்கியது நுரையீரலுக்குள் சென்றுவிட்டால் மீட்பது கடினம். அலமாரியில் போடும் பூச்சி உருண்டையைத் துணியில் கட்டி நாயின் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவரையும் கண்டிருக்கிறேன். அவர் நல்ல மனிதர். நாயின் மேல் பேரன்பு கொண்டவர். வேப்பெண்ணெயைப் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். பூனை தன் உடம்பில் இருப்பதை எல்லாம் நக்கித் தின்னும் உயிர். நம் தோலில் தடவத் தக்கது அதன் வயிற்றுக்குள் போகும் என்பதை நினைத்து விட்டுவிடுங்கள்.

நாம் எண்ணாத இன்னும் சிலருக்கும் 'கு' உருபு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெர்மெத்ரின் மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்திட்ட நாயை மறுநாளே ஆற்றில் நீந்த விடுவதும், மீன்தொட்டி அருகே தெளிப்பானை அழுத்துவதும் தவறு. இங்கிலாந்தில் இருபது ஆறுகளின் நீரைச் சோதித்த பதிவுகளைச் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2020ஆம் ஆண்டளவில் வெளியிட்டபோது, 98 விழுக்காட்டு மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்தது. வயல்களில் அதன் பயன்பாடு அருகிப்போன நாடு அது. நாய் பூனைகளைக் குளிப்பாட்டிய நீரும் அவற்றின் படுக்கையைத் துவைத்த நீரும் சாக்கடை வழியே ஆற்றைச் சேர்வதே பெருங்காரணமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர்.

மீண்டும் அந்த மாலைக்கு வருகிறேன். பெர்மெத்ரினுக்கு மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. உடலில் எஞ்சியிருப்பதைக் களைந்து, துடிப்பை அடக்கி, கல்லீரல் தன் மெதுவான வேலையை முடிக்கும் வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கொண்டு, வெதுவெதுப்பான நீரில் பூனையைக் கழுவினோம். கொதிநீர் தோலில் இரத்த ஓட்டத்தைப் பெருக்கி நஞ்சை உள்ளே இழுக்கும். குளிர்நீரோ உடற்சூட்டை மிகையாகத் தாழ்த்திவிடும். பால் புகட்டுவதோ எண்ணெய் தடவுவதோ கூடாது. எண்ணெயில் கரையும் நஞ்சு அது. தசையைத் தளர்த்தும் ஊசி, வலிப்பை அடக்கும் ஊசி, நரம்பு வழி நீர். இரவு முழுவதும் மேசை அருகே அமர்ந்திருந்தேன். அதற்கு ஈராண்டுக்கு முன் இதே நிலையில் ஒரு பூனையை மறுநாள் காலையில் கொண்டுவந்தனர். "தூங்கினால் சரியாகிவிடும்" என்று காத்திருந்தனராம். அது பிழைக்கவில்லை. குறிகள் சில மணி நேரத்திலேயே தோன்றலாம்; ஒரு நாள் கழித்தும் தோன்றலாம். தவறாக இட்டுவிட்டோம் என்று தெரிந்த கணமே, குறிகளுக்காகக் காத்திராமல், கழுவிவிட்டு, குப்பியையும் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. எந்தப் பொருள், எவ்வளவு, எப்போது என்னும் மூன்றும் தெரிந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாம் நாள் அந்தப் பூனை எழுந்து நின்றது. கால்கள் சற்றே பின்னின. தட்டில் வைத்த மீனை மோந்துவிட்டு, என்னைப் பார்த்துச் சீறியது. அந்தச் சீற்றத்தைப் போல் இனிய ஒலியை நான் கேட்டதில்லை.

அன்று முதல் என் மருத்துவமனையில் 'பாதுகாப்பான மருந்து' என்று தனியே சொல்வதை நிறுத்திவிட்டேன். பெட்டியின் மேல் தமிழிலும் மலாயிலும் கையாலேயே எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. விலங்கின் பெயர், எடை, எந்தப் பூச்சிக்கு, எந்த நாளில், யாருக்கு ஆகாது என்று எழுதுவேன். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்காம் வேற்றுமையைக் கற்பிக்கும் நாளில் "இராமனுக்குக் கொடுத்தான்" என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒரு மருந்தின் அட்டையைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். குப்பியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். சீட்டில் உள்ளதைப் பார்த்து எழுதி வந்தால் போதும். ஆங்கிலத்திலோ மலாயிலோ உள்ளதைத் தம் பாட்டிக்குப் புரியும் தமிழில் மாணவர்கள் ஐந்து வரியில் எழுதட்டும். எங்கெல்லாம் 'கு' வர வேண்டுமோ அங்கெல்லாம் அதை விடாமல் எழுதுகிறார்களா என்று மட்டும் நீங்கள் பாருங்கள்.

அம்மையார் பூனையை அழைத்துச் செல்ல வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பூனையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நாய்க்கு அடுத்த மாதம் வேறொரு மருந்தை மாற்றிக் கொடுத்து, பெட்டியின் மேல் எழுதப் பேனாவை எடுத்தேன். அதை வாங்கி, "நான் எழுதுறேன் தம்பி, என் எழுத்துனாதான் எனக்குத் தெரியும்" என்றார். மெதுவாக, கோணல்மாணலாக எழுதினார்: கருப்பனுக்கு மட்டும். பூச்சிக்கு விஷம். பூனைக்குக் காட்டாதே.